கரைக்காமல் விட்ட பானை

ஒரு பல்கலைக்கழகமே பல வருடமாகத் தேடிக் கண்டெடுத்த ஒன்றை ஒரே காலையில் எங்கள் ஓயா ஆற்றில் கரைத்துவிட்டு, ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவள் எங்கள் அத்தை. இப்போது இதைச் சொன்னால் என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்புள்ளைப் பக்கம் போகிற ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, பெயரை மாற்றிக்கொண்டு, யாரோ வீட்டுப் பிள்ளையாகிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே நாலந்தாவுக்குக் கொஞ்சம் உள்ளே, பழைய கொக்கோத் தோட்டமொன்றின் ஓரத்தில் இருந்தது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். லயத்தை வாங்க மட்டும் ஆள் வராததால் நாங்கள் அதிலேயே இருந்தோம். அப்பா டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்கினார். அம்மா விடியுமுன் கார்மென்ட் பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவாள். என்னை எழுப்பி, தலைவாரி, சோறு போட்டு, அடித்து, பிறகு அணைத்து வளர்த்ததெல்லாம் அடுத்த காம்பரா அறையில் இருந்த அத்தைதான். அப்பாவுக்கு அக்கா. புருஷன் இறந்து வெகுகாலம். ஒரே மகள், எனக்கு மதினி, வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள்.

அத்தையோடு வெளியே போவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு தண்டனை. அவளுக்குக் குரல் பெரிது. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவரோடு பேசுவாள். மாத்தளையில் துணிக்கடைக்குப் போனால் கடை முழுவதையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் எடுக்காமல், முதலாளிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்துவிட்டு இறங்குவாள். நான் ஏதோ தூரத்துச் சொந்தம்போல வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அகலமான ஒரு கல் கிடந்தது. ஆள் படுக்கிற அளவு நீளம். யார் கொண்டுவந்து போட்டதென்று யாருக்கும் தெரியாது. லயத்துப் பெண்கள் எல்லாரும் அதில்தான் துணி துவைத்தார்கள். அத்தை மாதத்துக்கு ஒருமுறை மதினியின் பெட்டியைத் திறந்து, யாரும் உடுக்காத அவளுடைய துணிகளையெல்லாம் எடுத்துவந்து அந்தக் கல்லில் போட்டுத் துவைப்பாள். காய்ந்ததும் மடித்து, வேப்பிலை வைத்து, திரும்பவும் பூட்டிவிடுவாள். கேட்டால், பூட்டிக் கிடக்கிற துணி மக்கிப்போகும், வந்து இறங்குகிறவளுக்கு உடுக்க நல்லதாக நாலு துணி வேண்டாமா என்பாள்.

அவள் அந்தத் துணிகளோடு பீலிக்கு வந்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் ஒருத்தி மட்டும், இதை இன்னும் எத்தனை நாளைக்குச் செய்யப் போகிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். அத்தை வாளியைத் தூக்கி அவள் மேல் தண்ணீரை ஊற்றி, அவள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரையும் இழுத்து ஏசினாள். நானும் பக்கத்தில் நின்று முறைத்தேன். எல்லாம் பொறாமை என்றுதான் நினைத்தேன். அவர்கள் பிள்ளைகள் கார்மென்ட்டுக்குத்தான் போனார்கள், எங்கள் மதினி ஏரோப்பிளேனில் போனாள். அவள் முதல் வருடம் அனுப்பிய நீலநிறப் பென்சில் பெட்டி பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வருகிறபோது பெரிதாகக் கொண்டுவரத்தான் சேர்க்கிறாள் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

நான் ஸ்காலர்ஷிப் சோதனை எழுதி முடித்த விடுமுறையில், லயத்துக்குப் பின்னால் காணி வாங்கிய ஒருவர் வீடு கட்ட அத்திவாரம் வெட்டினார். மண்ணுக்குள் நாலு பலகைக் கல்லைப் பெட்டிபோல நிறுத்தியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பொலிஸ் வந்தது, பிறகு தொல்பொருள் கந்தோர் ஆட்கள் வந்தார்கள், கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் டென்ட்டோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு மிஸ். காற்சட்டை போட்டு, பெரிய பனையோலைத் தொப்பி வைத்து, மண்ணில் குப்புறப் படுத்துத் தூரிகையால் கல்லைத் தடவுகிற ஒரு மிஸ்ஸை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவை கல்லறைகள் என்று மிஸ் சொன்னார். அநுராதபுரத்து ராஜாக்களுக்கும் முந்திய சனங்கள், இரும்பு உருக்கத் தெரிந்தவர்கள், எழுதத் தெரியாதவர்கள். செத்தவர்களை எரித்து, எலும்பைப் பொறுக்கிப் பானையில் இட்டு, கல்பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு பெரிய கல்லால் மூடிவிடுவார்களாம். ஒரு பெட்டிக்கு மட்டும் மூடுகல் இல்லை. மிஸ் சுற்றும்முற்றும் தேடிக்கொண்டே வந்து, பீலியடியில் நின்றுவிட்டார். அத்தை அப்போது அந்தக் கல்லின்மேல் அப்பாவின் சாரத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் சிங்களத்தில் பேசினார். அத்தைக்குச் சந்தைச் சிங்களம் வரும். விலை கேட்கவும் குறைக்கவும் ஏசவும் அது போதும். கல்லறை, மூடுகல் என்பதற்கெல்லாம் அது காணாது. அதனால் நான் நடுவில் நின்றேன். இது இரண்டாயிரம் வருடத்துக்கும் பழைய கல், இதில் துவைக்கக் கூடாது என்று மிஸ் சொன்னதை அத்தையிடம் சொன்னேன். இரண்டாயிரம் வருடம் தாங்கிய கல்லுக்கு என் தம்பியின் சாரத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல் என்றாள் அத்தை. அதைச் சிங்களத்தில் சொல்வதற்குள் என் காது இரண்டும் சுட்டன. மிஸ் சிரித்தார். மிஸ்ஸோடு வந்திருந்த மாத்தயாமாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஆனாலும் அன்றிலிருந்து நான்தான் மொழிபெயர்ப்பாளர். மிஸ் தன் தொப்பியை என் தலையில் வைத்தார். லயத்துப் பெண்களில் சிலரை மண் சலிக்கவும் ஓட்டுத் துண்டு கழுவவும் கூலிக்கு எடுத்தார்கள். அதில் அத்தையும் ஒருத்தி. மிஸ் சொல்வதை அவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் சொல்வதைக் கொஞ்சம் அழகாக்கி மிஸ்ஸுக்குச் சொல்வதும் என் வேலை. என்னைப் போல ஒரு பிள்ளையைக் கண்டதில்லை என்று மிஸ் ஒருநாள் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

அதில்தான் கெடுதி தொடங்கியது. நான் மிஸ்ஸின் கண்ணால் எங்கள் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அத்தையின் வெற்றிலை வாய் அசிங்கமாகத் தெரிந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகியிருந்த விதம் அசிங்கமாகத் தெரிந்தது. பெண்கள் வேலைக்குச் சேர்ந்த காலையில் அவள் குழிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். அவர்கள் ஒரு வாரமாகத் தூரிகையால் சுத்தம் செய்து, நூல் கட்டி, படம் எடுக்க வைத்திருந்த சதுரத்துக்குள் தேங்காய்த் தண்ணீர் ஓடியது. இளைய மாத்தயா ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மண்ணுக்கு மரியாதை செய்ததாக அத்தை சொல்கிறாள் என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் நான் கொக்கோ மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எல்லாக் கல்பெட்டியிலும் பானைகள் உடைந்துதான் கிடந்தன. வேர் புகுந்து, தண்ணீர் புகுந்து, எலும்பெல்லாம் மண்ணோடு மண்ணாகியிருந்தது. கடைசிப் பெட்டியில் மட்டும் ஒரு பானை முழுதாக இருந்தது. மேலே ஒரு சட்டி கவிழ்த்து மூடி, அசையாமல், யாரோ நேற்று வைத்துவிட்டுப் போனதுபோல. மிஸ் அதைக் கண்டதும் மண்ணிலே உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். இப்படி ஒன்றுக்காகத்தான் தான் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து காத்திருந்ததாக என்னிடம் சொன்னார். உள்ளே வெந்த எலும்பும் சாம்பலும், சிவப்புக் கல்லில் கடைந்த மணிகளும் இருந்தன. அந்த எலும்பைச் சோதித்தால் அந்தச் சனங்கள் எங்கேயிருந்து வந்தார்கள், என்ன தின்றார்கள், எந்தக் காலம் என்று எல்லாம் தெரிந்துவிடுமாம். அதுவரை யாருக்கும் தெரியாததாம். பௌர்ணமிப் போயா விடுமுறை முடிந்ததும் கொழும்பிலிருந்து வாகனம் வந்து எடுத்துப்போகும், அதுவரை ஒரு தூசிகூட அதற்குள் போகக் கூடாது, ஒரு தூசிகூட வெளியே வரக் கூடாது என்றார்.

நான் இதையெல்லாம் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆம்பளையா பொம்பளையான்னு கேளு," என்றாள்.

நிச்சயமாகச் சொல்ல முடியாது, சோதிக்க வேண்டும், ஆனால் எலும்பையும் மணியையும் பார்த்தால் இளம் பெண்போலத் தெரிகிறது என்றார் மிஸ்.

"எத்தன வயசு இருக்குமாம்?"

இருபது இருக்கலாம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்றார்.

"பெத்தவங்க இருந்தாங்களாமா?"

இதற்கு நான் எப்படிச் சிங்களம் சொல்வது? மிஸ் என்ன நினைப்பார்? ஆனாலும் கேட்டேன். அது யாருக்கும் தெரியாது, ஆனால் மணி போட்டு, மூடி, பக்குவமாக வைத்திருக்கிறார்கள், யாரோ வேண்டியவர்கள்தான் வைத்திருக்க வேண்டும் என்று மிஸ் பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப ஏன் கரைக்காம விட்டாங்க?"

கரைப்பதென்றால் என்ன என்று மிஸ்ஸுக்கு விளக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்கள் எரித்தால் மறுநாள் பாலூற்றி எலும்பெடுத்து, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள், பானையில் வைத்தபடி விட்டுவிட்டால் போன உயிர் போக வழி தெரியாமல் நிற்கும் என்று சொல்வார்கள் என்றேன். 'சொல்வார்கள்' என்பதை அழுத்திச் சொன்னேன், எனக்கு அதில் நம்பிக்கையில்லை என்று மிஸ்ஸுக்குத் தெரியட்டும் என்று. மிஸ் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் வைப்பதுதான் வழக்கம், வைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று சொல்லச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன்.

"நல்ல வழக்கம்," என்றாள் அத்தை. திரும்பிப் போய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

பானையைப் பழைய பிள்ளைக்காம்பராவில் வைத்தார்கள். தோட்டம் நடந்த காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு அம்மாமார் வேலைக்குப் போகிற இடம் அது. அத்தைதான் ஒரு காலத்தில் அதில் பிள்ளை பார்த்தவள். டென்ட்டில் வைத்தால் குரங்கு வந்து உருட்டிவிடும், பிள்ளைக்காம்பராவுக்கு நல்ல பூட்டு உண்டு. ஒரு சாவி மிஸ்ஸிடம், கூட்டித் துடைக்க இன்னொன்று அத்தையிடம். போயாவுக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறபோது மிஸ் அத்தையின் கையைப் பிடித்து, பார்த்துக்கொள் என்று தமிழிலேயே சொன்னார். அத்தை தலையாட்டினாள். எனக்கு அன்றைக்கு மட்டும் அவளைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

போயா அன்று விடிந்ததும் அத்தை என்னை எழுப்பினாள். தலைக்குக் குளித்திருந்தாள். பாற்செம்பை என் கையில் தந்து, ஓயாவுக்குப் போகிறோம், வழியில் பேசாமல் வா என்றாள். அவள் இடுப்பில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய ஒரு புதுச் சட்டி இருந்தது. மாவிளக்குப் போடப் போகிறாள், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன். ஓயாக் கரையில் சட்டியை இறக்கித் துணியை அவிழ்த்தாள். உள்ளே கறுத்த, வெளுத்த எலும்புத் துண்டுகள். அந்த நிறம் எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அதைப் பற்றித்தானே நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அது மிஸ்ஸோடது," என்றேன்.

"மிஸ்ஸு பெத்ததா இது?" என்றாள் அத்தை. "யாரு பெத்த புள்ளையோ. ஆத்தா வருவா வருவான்னு பாத்துக்கிட்டே கெடந்திருக்கு. பால ஊத்து."

நான் ஊற்றவில்லை. அவளே செம்பை வாங்கி ஊற்றினாள். செவ்வரத்தம்பூவைப் பிய்த்துப் போட்டாள். இதெல்லாம் ஆம்பிளைகள் செய்கிற காரியம்; அவள் கேட்டு, பார்த்து வைத்திருந்ததை வைத்துத் தட்டுத்தடுமாறிச் செய்தாள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, தோளுக்குப் பின்னால் சரித்துவிட்டாள். ஓயாவில் அவ்வளவாகத் தண்ணீர் இல்லாத காலம். சாம்பல் கொஞ்சத் தூரம் வெள்ளையாய்ப் போய்க் கலைந்தது. எலும்பு மணலில் இறங்கிவிட்டது.

அத்தோடு கரையேறியிருந்தாலாவது பரவாயில்லை. அத்தை தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மார்பில் அடித்து ஒப்பாரி வைத்தாள். பெரிய குரல் என்று சொன்னேனே, அந்தக் குரலில். அக்கரைப் பாதையில் வெள்ளை உடுத்துப் பௌத்தப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்த சிங்கள ஆட்கள் எல்லாரும், கையில் பூத்தட்டோடு, நின்று பார்த்தார்கள். எங்களோடு விளையாட்டுப் போட்டிக்கு வருகிற பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றும் அதில் நின்றது. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சல். ஒப்பாரியிலாவது விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டாமா? ஏரோப்பிளேன் ஏறிப் போனியே என் கண்ணே என்று அழுகிறாள். கடல் தாண்டிப் போன இடத்தில் ஒரு மிடறு தண்ணிக்கு ஆளில்லாமப் போனியே என்று அழுகிறாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஏது ஏரோப்பிளேன்? மணிதான் கடல் தாண்டி வந்திருக்கும் என்று மிஸ் சொன்னார். அதை நான் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். இவள் அந்தப் பெண்ணையே கடல் தாண்ட வைத்துவிட்டாள். படிக்காதவளுக்கு என்ன சொன்னாலும் இப்படித்தான் கலந்துபோகும் என்று நினைத்து, அவளுக்காக வெட்கப்பட்டேன். கரையேறி வந்தபோது அவள் முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி குடித்தாள்.

அன்று வேலை முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு அத்தையின் காம்பராவுக்குப் போனார். உள்ளே சண்டை ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வந்து, மிஸ் வந்ததும் எனக்கு ஆள் அனுப்பு என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மிஸ் வந்து பிள்ளைக்காம்பராவைத் திறந்தார். பானை ஜன்னல் திண்டில், தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்திருந்தது. தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள் அத்தை. இரண்டாயிரம் வருடத்து மண், ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல், ஒன்றும் இல்லை; சந்தையிலிருந்து வாங்கி வந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் ஒரு கோப்பையில் சிவப்பு மணிகள் எல்லாம் ஒன்று குறையாமல். அவள் கள்ளி இல்லை, அதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

மிஸ் பானையைத் தொடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார்.

"சொல்லு மிஸ்ஸுகிட்ட," என்றாள் அத்தை, என் பின்னால் நிமிர்ந்து நின்றுகொண்டு. "அந்தப் புள்ளைய நான் அனுப்பி வச்சிட்டேன். இனி யாரும் அதத் தோண்டி எடுக்க வேணாம்."

நான் அதைச் சொன்னேன். என் வாயால், சிங்களத்தில், எல்லார் முன்னாலும் சொன்னேன். இதுவரை எத்தனையோ அழகாக்கிச் சொல்லியிருந்தேன். இதை எப்படி அழகாக்குவது? இளைய மாத்தயா குதித்தார். இது சட்டப்படி குற்றம், பொலிஸுக்குச் சொல்ல வேண்டும், இவர்களை உள்ளே விட்டதே பிழை என்றார். 'இவர்களை' என்பதில் நானும் இருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா கடை லொறியிலேயே வந்து இறங்கினார். தலையெல்லாம் சீமெந்து. மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கொக்கோ மரத்தடியில் நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, கெஞ்சுகிற மாதிரி நின்றார். நடுவில் ஒருமுறை கையைத் தன் தோள்வரை உயர்த்தி, ஒரு ஆளின் உயரத்தைக் காட்டினார். என் உயரம் அவ்வளவு இல்லை. ஆனாலும் என்னைக் காட்டித்தான், சின்னப் பிள்ளை இருக்கிறது, பாவம் பாருங்கள் என்று கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். அத்தையால் வந்த அவமானம் போதாதென்று அப்பாவும் என்னை விற்கிறார் என்று அழுகை வந்தது.

மிஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு நேராகப் பீலிக்குப் போனார். அத்தை அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். உட்காரக் கூடாத கல் என்று எத்தனை தரம் சொல்லியிருந்தது! மிஸ் எழுப்பவில்லை. அவரும் அதன்மேல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசப் போகிறார் என்று நான் மொழிபெயர்க்கத் தயாரானேன். எந்த இடத்தில் விட்டாய் என்று மட்டும் கேட்கச் சொன்னார். அத்தை கையைக் காட்டினாள்.

மிஸ் தனியாக ஓயாவுக்கு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு துண்டாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடத்தான் போயிருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர் வேறெதற்குப் போவார்? கையில் ஒன்றும் இல்லை. பொலிஸுக்கும் சொல்லவில்லை. அந்த வாரமே டென்ட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிஸ் அதை வாங்கி, என்னைப் பார்க்காமலே, என் தலையில் வைத்துவிட்டு வேனில் ஏறினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த எலும்போடு போன எத்தனையோ கேள்விகளுக்கு அவருக்குப் பதில் கிடைத்ததா என்றும் தெரியாது.

கூலி நின்றுபோன பெண்கள் அத்தையோடு கோபம். பள்ளிக்கூடம் தொடங்கியதும் பிள்ளைகள் சட்டியைத் தலைக்கு மேலே தூக்குவதுபோலக் காட்டி என்னைக் கேலி செய்தார்கள். கடைக்குப் போகிறபோது நான் அத்தைக்கு முன்னால் வேகமாக நடந்தேன். அவள், நில்லுடி மருமவளே என்று வீதி முழுவதும் கேட்கக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். அவளுக்குத்தான் வெட்கம் என்ற ஒன்று கிடையாதே.

அப்பா மரத்தடியில் மிஸ்ஸிடம் சொன்னதை எனக்குச் சொன்னது, நான் பெரியவளாகி, எனக்குக் கல்யாணம் பேசிய நாட்களில். பென்சில் பெட்டி வந்த அடுத்த வருடமே மதினி இறந்துவிட்டாள். ஏஜென்சிக்காரன் டெலிபோனில் சொன்னான். உடம்பு வராது, அங்கேயே அடக்கம் செய்தாயிற்று என்றான். பார்க்காத சாவை நான் ஏன் நம்ப வேண்டும் என்று அத்தை கருமாதி செய்ய விடவில்லை. லயத்தில் யாரும் அதைப் பேசக் கூடாது, பிள்ளையின் காதில் விழவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தப் பானையையும் நான் பிறகு ஒரு காட்சியறையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தேன். உள்ளே வெறுமையாக இருந்தது. கழுத்துப் பக்கம் மட்டும் பளபளப்பு. அந்தத் தும்புத் தேய்ப்பு எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த வருடத் தீபாவளிக்கு முன்னால் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒருநாள் அத்தை மதினியின் பெட்டியைத் திறந்தாள். துவைக்கத்தான் என்று நினைத்து வாளியை எடுத்தேன். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். மதினிக்கு மிகவும் பிடித்த பச்சைச் சல்வாரை விரித்து, என்னை நிறுத்தி அளந்து, கீழே ஒரு சாண் வெட்டினாள்.

"அத்தை, மதினி வந்தா ஏசுவாளே?"

"ஏசமாட்டா," என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "நீ போட்டுக்க."

தீபாவளிக்கு அதைப் போட்டுக்கொண்டு லயம் முழுவதும் சுற்றினேன். பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அழகாக இருக்கிறேன், அதுதான் பொறாமை என்று நினைத்தேன். மத்தாப்புப் பக்கம் போகவில்லை, பலகாரத்தைக் குனிந்து குனிந்து தின்றேன். அத்தை என்ன சொன்னாலும், வந்து இறங்குகிறவளிடம் நான்தானே பதில் சொல்ல வேண்டும் என்று, அந்தத் துணியில் ஒரு பொட்டுக் கறை படாமல் பார்த்துக்கொண்டேன்.